ஒரு பேப்பர் பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேரன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக "ஆச்சி, காப்பி" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுப்பவன், அன்று நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் சரியில்லை.

"தாத்தா, இதுல என்ன போடணும்னு நீங்கதான் சொல்லணும்" என்று திரையைத் திருப்பிக் காட்டினான்.

ஏதோ ஒரு கம்பெனியின் வேலை விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எல்லாம் நிரப்பியிருந்தான். பட்டப்படிப்பு என்ற இடத்தில் நின்றுபோயிருந்தது. "முடித்தது", "படித்துக்கொண்டிருப்பது" என்று இரண்டே வழிகள். பையன் என்ஜினீயரிங் நான்கு வருடமும் படித்துவிட்டான். கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்டான். ஆனால் மூன்றாவது செமஸ்டர் கணக்குப் பேப்பர் ஒன்று இன்னும் நிற்கிறது. நவம்பரில் எழுத வேண்டும்.

"படிச்சிக்கிட்டிருக்கேன்னு போட்டா கூப்பிட மாட்டாங்க தாத்தா. முடிச்சிட்டேன்னு போடுன்னு கூட்டாளிங்க எல்லாம் சொல்லுதாங்க. வேலை கிடைச்சுச் சேருறதுக்குள்ள பாஸ் பண்ணிரலாம்லா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குக் கோபம். "எதுக்குச் சிரிக்கீங்க?" என்றான். அவன் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதே கேள்வியோடு ஐம்பது வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது. அவன் கணக்கில் கோட்டை விட்டான். நான் கணக்கில் முதல் வகுப்பு. கோட்டை விட்டது இங்கிலீஷில்.

அவனுக்கு அன்று சொன்னதை இங்கே எழுதுகிறேன். இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். அப்பா ஒரு அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். 1968இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அதன்பின் ஒரு வருடம் பி.யு.சி., பிறகு மூன்று வருடம் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம். திருநெல்வேலி மாவட்டக் கல்லூரிகள் எல்லாம் அன்று மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990இல்தான்.

அந்தக் காலப் பட்டப்படிப்பில் மூன்று பகுதிகள் உண்டு என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 அவரவர் பாடம். மூன்றிலும் தேறினால்தான் பட்டம். 1972 கோடையில் ரிசல்ட் வந்தது. கல்லூரி அறிவிப்புப் பலகை முன்னால் முண்டியடித்துப் பார்த்தேன். பகுதி 1 தேர்ச்சி. பகுதி 3 முதல் வகுப்பு. பகுதி 2இல் என் நம்பர் இல்லை. பலகையின் அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று சுற்றிப்போய்ப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

மதிப்பெண் பட்டியல் வந்தபோது பார்த்தால், நான்கு மதிப்பெண் குறைவு.

வீட்டுக்கு வந்தால், அம்மா அதற்குள் தெரு முழுக்க "எங்க வீட்டுப் பையன் பி.எஸ்ஸி. முடிச்சிட்டான்" என்று சொல்லியிருந்தாள். முதல் வகுப்பு என்ற செய்தி யார் மூலமோ எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. நான்கு மதிப்பெண் சமாச்சாரம் என்னோடுதான் பஸ்ஸில் வந்தது.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் "பி.ஏ. பெயில்" என்பதே ஒரு படிப்பு. பெயர்ப் பலகையில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு, கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது கேட்டால் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. பி.ஏ. பரீட்சையில் ஒருவன் தோற்க வேண்டும் என்றால் மெட்ரிகுலேஷன் தேறி, அதற்கு மேல் எஃப்.ஏ. தேறி, கல்லூரியில் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். ஊரில் கடிதம் படிக்கவே ஆள் தேடிய காலத்தில் அது லேசுப்பட்டதா? "பெயில்" என்ற சொல், அவன் விழுந்தான் என்பதைவிட, எவ்வளவு உயரம் ஏறியிருந்தான் என்பதைத்தான் சொன்னது. எஃப்.ஏ. என்றால் ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ். பிறகு அந்த இடத்துக்கு இண்டர்மீடியட் வந்தது, அதன்பின் பி.யு.சி. வந்தது, 1978இல் பிளஸ் டூ வந்ததும் பி.யு.சி.யும் போயிற்று.

இன்றும் அந்த வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. வேலையில்லாத இளைஞர்களுக்கு நம் மாநில அரசு கொடுக்கும் உதவித்தொகையில் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஒரு தொகை, தேறாதவர்களுக்கு ஒரு தொகை என்று தனித்தனியாக உண்டு. தேறாததும் ஒரு படி என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் 1972இல் பி.எஸ்ஸி. பெயிலுக்கு மதிப்பு இறங்கியிருந்தது. பாஸ் செய்தவர்களே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் எங்களுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் வேலைக்கு மனு அடித்துக் கொடுப்பார். பக்கத்துக்கு நாலணா, கார்பன் வைத்து அடித்தால் நகலுக்குத் தனிக்காசு கிடையாது. ஊரில் எத்தனையோ பேருக்கு வேலை வாங்கிக்கொடுத்த ரெமிங்டன் அது என்பார். வாங்கிக்கொடுக்காத கணக்கைச் சொல்ல மாட்டார்.

முதல் மனு அடிக்கப் போனபோது, கல்வித்தகுதி என்ற இடத்தில் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாஸா?"

"ஒரு பேப்பர் பாக்கி மாஸ்டர். இங்கிலீஷு."

"அப்பம் எதைப் போட?" என்று கேட்டுவிட்டு அவரே பட்டியல் சொன்னார். "பி.எஸ்ஸி. (பெயில்)" என்று போடலாம். உண்மை, ஆனால் படிக்கிறவன் கண்ணுக்கு எல்லாப் பாடத்திலும் தோற்றவன் மாதிரித் தெரியும். "பி.எஸ்ஸி. (அப்பியர்ட்)" என்று போடலாம். பரீட்சை எழுதினான் என்று அர்த்தம். என்ன ஆயிற்று என்று சொல்லாது. "ரிசல்ட் எதிர்பார்க்கப்படுகிறது" என்று போடலாம், ஆனால் மறுபடி பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன்தான் அதைப் போட வேண்டும். எழுதப் போகிறவன் போட்டால் பொய். "பி.எஸ்ஸி. வரை படித்தவர்" என்று போடலாம். அது கல்லூரியை நடுவில் விட்டவனுக்கும் பொருந்தும், பரீட்சையில் விட்டவனுக்கும் பொருந்தும். கடைசியாக ஒன்று உண்டு. வெறும் "பி.எஸ்ஸி." என்று போட்டுவிட்டு, புள்ளி வைத்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

"அதை நான் அடிக்க மாட்டேன்னு இல்லை. ஆனா அதுக்கு நீ பொறுப்பு" என்றார்.

நான் "அப்பியர்ட்" என்று போடச் சொன்னேன். செப்டம்பரில் மறுபடி எழுதினேன், மறுபடியும் போயிற்று. அதற்குள் இருபதுக்கு மேல் மனு போயிருக்கும். போஸ்டல் ஆர்டருக்கும் தபால்தலைக்கும் அப்பாவிடம் கேட்கவே கூச்சமாகிவிட்டது. சான்றிதழ் நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க, தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அரை நாள் நிற்க வேண்டும். ஒரு பதிலும் வரவில்லை.

என் கூடப் படித்த ஒருவனுக்கும் இதே நிலைமை. அவனுக்கும் ஒரு பேப்பர் பாக்கி. அவன் பம்பாயில் இருந்த மாமா வீட்டுக்குப் போனான், அங்கே ஒரு கம்பெனிக்கு வெறும் "பி.எஸ்ஸி." என்று எழுதிப்போட்டான், ஒரு மாதத்தில் சேர்ந்துவிட்டான். "ஒருத்தனும் சர்டிபிகேட் கேக்கல. நீ ஏன்டே ஊர்ல உக்காந்துக்கிட்டு அடைப்புக்குறி போட்டுக்கிட்டிருக்க?" என்று கார்டு எழுதினான்.

கார்டு என்பதால் தபால்காரர் முதல் எல்லோரும் படித்திருப்பார்கள். எனக்கு அது மண்டையில் ஏறிவிட்டது. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மாஸ்டரிடம் போய், "இந்தத் தடவை பி.எஸ்ஸி. மட்டும் போடுங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அடித்துக் கொடுத்தார். அன்று காசு வாங்கவில்லை.

மூன்றே வாரத்தில் இண்டர்வியூ கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அப்பாவோ மனுவின் கார்பன் நகலைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது. ஆனால் அதற்கு முந்திய நகல்களையெல்லாம் அவர்தான் கம்பியில் குத்தி வைத்திருந்தார்.

"என்னல, மத்ததுல எல்லாம் இந்த இடத்துல ஒரு அடைப்புக்குறி இருந்துச்சே. இதுல காணோம்?"

நான் பேசாமல் நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. நகலைக் கம்பியில் குத்திவிட்டு, "பாக்கி இருந்தா பாக்கின்னு எழுதணும். அதை எழுதாம விட்டா, மத்த கணக்கையும் நம்ப மாட்டாங்க" என்றார். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் பணமும் கொடுத்தார். போகாதே என்று சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் புரியாத ஒன்று. தங்கைகளை நினைத்திருப்பாரோ என்னவோ.

மதுரையில் பஸ் மாறி, ராத்திரி முழுக்கப் பிரயாணம் செய்து போய்ச் சேர்ந்தேன். மில் ஆபீசில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரிய பதவியாகத் தெரியவில்லை. ஆனால் ஆள் எடுப்பது அவர் கையில் இருந்தது. வட்டிக் கணக்கு கேட்டார், சதவிகிதம் கேட்டார், பஞ்சு பேல் கணக்கு ஒன்றை வாயால் சொல்லிப் போடச் சொன்னார். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று விடை சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். தமிழிலேயே பேசினார்; இங்கிலீஷில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"சர்டிபிகேட் குடு தம்பி."

"யுனிவர்சிட்டியிலிருந்து இன்னும் வரலீங்க சார்." இதையும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

"சரி, மார்க் லிஸ்ட்டைக் குடு."

பகுதி 1, பகுதி 3 பட்டியல்களை மட்டும் கொடுத்தேன். கணக்கு மார்க்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் இருந்த வெற்றிடத்தை விரலால் தட்டினார்.

"ரெண்டு எங்கே?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. தொலைந்துவிட்டது என்றோ, ஊரில் இருக்கிறது என்றோ சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அதுல பெயிலுங்க. நாலு மார்க்குல போச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு பேப்பர் நிக்குதுன்னு மனுவிலேயே எழுதியிருந்தீன்னா, நான் மேல சொல்லிச் சின்னச் சம்பளத்துல எடுத்திருப்பேன் தம்பி. இங்க அந்த மாதிரி ரெண்டு பேர் இருக்காங்க. பாஸ் பண்ணினதும் ஏத்திக் குடுத்துருவோம். இப்ப நான் என்னன்னு போய்ச் சொல்றது? பணத்தை எண்ணுற வேலைக்கு ஆள் எடுக்கறேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. நான் எழுந்தபோது மேசை டிராயரிலிருந்து கேண்டீன் டோக்கன் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "தூரத்திலிருந்து வந்திருக்கே, சாப்பிட்டுட்டுப் போ" என்றார். வெட்கமாக இருந்தது; வாங்காமல் வந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நல்ல பசி. சாப்பிட்டேன். இரண்டாவது தடவை சோறு கேட்டும் வாங்கினேன்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "சாப்பாடு போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு அடித்த மனுக்களில் மாஸ்டரும் நானும் சேர்ந்து ஒரு வாசகம் தயார் செய்தோம். பி.எஸ்ஸி. கணிதம், பகுதி 1, பகுதி 3 தேர்ச்சி, பகுதி 3இல் முதல் வகுப்பு, பகுதி 2 ஆங்கிலம் மட்டும் பாக்கி, அடுத்த தேர்வு இன்ன மாதம். ஒரு வரி போய் இரண்டு வரியாயிற்று. அதனால் வேலை வந்து குவிந்தது என்று சொன்னால் பொய். ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. பட்டம் கேட்கிற இடத்தில் பட்டம் இல்லாமல் நிற்பதைவிட, எஸ்.எஸ்.எல்.சி. கேட்கிற இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிற்கலாம். தேர்வாணையத்தின் குரூப் 4 எழுதினேன். அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. போதும். 1974இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே என் இங்கிலீஷ் பேப்பரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இருந்தும் அதை விடவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கத்தை அவர் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு அதையே என் சொந்த வார்த்தையில் எழுதிக் காட்ட வேண்டும். நோட்ஸை உருப்போட்டு எழுதியதால்தான் மூன்று தடவையும் போயிற்று என்பது அவர் கட்சி. 1975இல் தேறினேன். பட்டமளிப்பு விழாவுக்கு லீவு கிடைக்கவில்லை. போகாமலே பெற்றுக்கொள்ள மனு செய்து, சான்றிதழ் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. பணிப்பதிவேட்டில் பதிவு செய்தார்கள். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் அப்பா அந்த உறையிலிருந்த தபால்தலையைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டார்.

இதுவரை எழுதியதை என் பிள்ளைகளுக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். கேண்டீன் சோற்றுக் கதையை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்லாதது இனிமேல்தான்.

தொண்ணூறுகளில் நான் கண்காணிப்பாளராக இருந்தபோது, அயற்பணியில் வேறோர் அலுவலகத்துக்குப் போனேன். ஊழியர்களின் நியமனம், தகுதிகாண் பருவம், பதவி உயர்வு எல்லாம் என் பிரிவு. ஒரு இளைஞனின் தகுதிகாண் பருவம் முடிந்தது. அதற்கான ஆணைக்குக் கோப்பு என் மேசைக்கு வந்தது. நல்ல பையன். வேலையில் குறையே சொல்ல முடியாது. வழக்கப்படி விண்ணப்பத்தையும் சான்றிதழ்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். விண்ணப்பத்தில், பட்டம் பெற்ற மாதம் ஏப்ரல் என்று எழுதியிருந்தான். மதிப்பெண் பட்டியலில் கடைசித் தாள் தேறியது நவம்பர். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன். அதாவது விண்ணப்பித்தபோது அவனுக்குப் பட்டம் இல்லை. வேலையில் சேர்ந்தபோது இருந்தது. சேரும்போது யாரும் மாதத்தைக் கவனிக்கவில்லை.

நானும் கவனிக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கோப்பை இரண்டு நாள் மேசைக்குள் வைத்திருந்தேன்.

விஷயம் அவன் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. ஒருநாள் ராத்திரி அவனும் அவன் அப்பாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். கையைக் கூப்பி "ஐயா" என்றார். பையன், "சேரும்போது பாஸ் பண்ணிட்டேன் சார், ஒரே ஒரு பேப்பர்தான் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "கையில இருக்கறதை எழுதுறதுதான் என் வேலை. முடிவு மேலே இருக்கறவங்க எடுப்பாங்க" என்றேன். விதிமுறை எல்லாம் விளக்கினேன். கடைசித் தேதியில் தகுதி இருந்ததா என்பதுதான் கேள்வி என்றும், அன்று தகுதியோடு இருந்த வேறு யாரோ ஒருவர் காத்திருப்போர் பட்டியலில் நின்று வேலை கிடைக்காமல் போனார் என்றும் சொன்னேன். எல்லாம் சரியான பேச்சுதான்.

"நானும் உன் வயசுல இதையே செஞ்சவன் தம்பி" என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் குறிப்பு எழுதி அனுப்பினேன். விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் என்ற ஒரே காரணத்தில் அவனைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். அதற்குள் அந்தக் காத்திருப்போர் பட்டியலும் காலாவதியாகியிருந்தது. ஆகவே அந்த இடம் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆணையில் மேலதிகாரி கையெழுத்து. குறிப்பில் என் கையெழுத்து.

குறிப்பு எழுதியது தவறு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அதை மறைத்திருந்தால், அப்பா சொன்ன மாதிரி, என் மற்றக் கணக்குகளும் கெட்டிருக்கும். ஆனால் குறிப்பில் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். சேருமுன் தேறிவிட்டார், பணி திருப்தி, அனுதாபத்துடன் பரிசீலிக்கலாம் என்று எழுத எனக்கு இடம் இருந்தது. எழுதினால் ஏன் என்று கேட்பார்களே, எதையாவது மறைக்கிறானோ என்று நினைப்பார்களே என்று பயந்தேன். எனக்கு ஒருவர் கேண்டீன் டோக்கன் கொடுத்தார். அந்தப் பெரியவர் என் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை.

பம்பாய் நண்பனையும் சொல்லிவிடுகிறேன். அவன் மாட்டிக்கொள்ளவே இல்லை. அதே கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றான். அவன் மணிவிழாவுக்குப் போயிருந்தேன். ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தபோது அவனாகவே சொன்னான்: "ரெண்டு தடவை புரமோஷன் வந்துச்சுடே. ஒரிஜினல் சர்டிபிகேட் குடுக்கணும்னாங்க. குடும்பச் சூழ்நிலை, வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். எனக்குக் கீழ இருந்தவனெல்லாம் மேல போனான். அந்தப் பேப்பரை எழுதவும் பயம். பரீட்சைக்கு லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பானே."

முடித்துவிட்டதாக ஒருமுறை எழுதிவிட்டதால், அவனால் கடைசிவரை முடிக்கவே முடியாமல் போய்விட்டது. எனக்கு அடைப்புக்குறி இருந்ததால் பரீட்சைக்கு ஆபீசில் வெளிப்படையாக லீவு கேட்க முடிந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தாத்தா, அப்பம் என்ன போட?" என்றான். கதை அவனுக்கு, கேள்வி கேள்விதான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். இந்தக் காலத்துக் கம்பெனிகள் அந்த மில்காரரைப் போல மார்க் லிஸ்ட்டைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஆள் எடுத்த பிறகு விவரங்களைச் சரிபார்க்க என்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன, அவை பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டுவிடும் என்று அவனே சொன்னான். நிலுவை அரியர் இருக்கிறதா என்று நேராகவே கேட்கிற விண்ணப்பங்களும் உண்டாம். அப்படிக் கேட்கிற இடத்தில் எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டியது. இரண்டே வழிகள் உள்ள இந்த விண்ணப்பத்தில் "படித்துக்கொண்டிருப்பது" என்பதைத் தேர்ந்தெடுத்தோம். முடிக்கும் மாதம் கேட்டது, நவம்பர் போட்டோம். கீழே வேறு விவரங்கள் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் அடித்தான்: நான்கு வருடப் படிப்பு முடிந்தது, மற்ற எல்லாத் தாள்களும் தேர்ச்சி, ஒரு கணிதத் தாள் மட்டும் நிலுவை, நவம்பரில் எழுதுகிறேன், அதுவரை பயிற்சியாளராகச் சேரவும் சம்மதம். பட்டம் கட்டாயம் என்று தேதி போட்டுச் சொல்கிற வேலைகளை நவம்பர் ரிசல்ட் வரும்வரை தொடுவதில்லை என்றும், பிளஸ் டூ போதும் என்கிற தேர்வுகளை விடாமல் எழுதுவது என்றும் பேசி வைத்தோம்.

அனுப்பும் முன் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "கூப்பிட மாட்டாங்க தாத்தா" என்றான்.

"கூப்பிடாமலும் போகலாம்" என்றேன். வேறென்ன சொல்வது? எனக்கும் கூப்பிடவில்லையே.

அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகுதான் காப்பி ஞாபகம் வந்தது. இரண்டு தம்ளர் குடித்தான்.

இதுவரை அந்தக் கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நோட்டோடு வீட்டுக்கு வருகிறான். கணக்கில் எனக்கு இன்னும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அவன் பாடம் வேறாக மாறிவிட்டாலும், வகைக்கெழுச் சமன்பாடு அன்றும் இன்றும் ஒன்றுதான். நேற்று பரீட்சைக் கட்டணம் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுவந்து காட்டினான். அதை வாங்கி, அப்பாவின் பழைய கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன்.